ரத்தத்தில் மருந்துக்கு ஒரு மூன்றாவது இடம்

சென்ற ஆண்டு ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் முனைவர் பட்ட மாணவி ஒருவர் தன் ஆய்வை வாசித்தார். ரத்தப் புரதமான ஆல்புமினின் கரைசலில் ஒரு வலிநிவாரணியைச் சேர்த்து, அது அந்தப் புரதத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்று முதலில் அளந்திருக்கிறார். பிறகு அதே கரைசலில் வெள்ளி நானோ துகள்களையும் சேர்த்து மறுபடி அளந்திருக்கிறார். பிணைப்பின் இறுக்கத்தைச் சொல்லும் எண்ணான பிணைப்பு மாறிலி தெளிவாகக் குறைந்திருந்தது. வேலை சுத்தமான வேலை. வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்திருந்தார், துகள் தானே விழுங்கும் ஒளிக்கும் திருத்தம் போட்டிருந்தார். கடைசி ஸ்லைடில் ஒரு வரி வந்தது: நானோ துகள் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கு இந்த மருந்தின் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். கைதட்டினார்கள், டீ வந்தது, அடுத்தவர் மேடையேறினார். எனக்கு மட்டும் அந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை. அளவீட்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அளவீட்டிலிருந்து நோயாளியின் டோஸ் வரை ஒரே தாவலில் போய்விட முடியுமா? இந்த வகை ஆய்வுக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை இதே மாதிரி ஒரு வரியில்தான் முடிகின்றன.

ரத்தத்தில் போகிற மருந்தில் கணிசமான பங்கு புரதங்களில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது என்பது மருந்தியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் வலிநிவாரணி ஐபுப்ரோஃபெனும் 99 சதவீதம் ஒட்டியிருக்கும், வலிப்பு மருந்து ஃபெனிட்டாயின் 90 சதவீதம். செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வது ஒட்டாமல் தனியாக நிற்கும் அந்த மிச்சம்தான். அமில மருந்துகளைப் பெரும்பாலும் தாங்குவது ஆல்புமின். 585 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி அது. 1975-ல் சட்லோவும் அவருடைய சகாக்களும் அதில் மருந்துகள் உட்காரும் இரண்டு முக்கிய இடங்களை அடையாளம் காட்டினார்கள். ஒன்றில் வார்ஃபரின் வகையறா, இன்னொன்றில் ஐபுப்ரோஃபென், டயசபாம் வகையறா. மனித ஆல்புமினில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் ஒன்றே ஒன்றுதான், 214-ஆவது இடத்தில். புற ஊதா ஒளி பட்டால் அது ஒளிரும். பக்கத்தில் மருந்து வந்து உட்கார்ந்தால் அந்த ஒளி மங்கும். அந்த மங்கலிலிருந்து பிணைப்பு மாறிலியைக் கணக்கிடுகிறோம். மாணவி செய்ததும் இதுதான்.

பிணைப்பு தளர்ந்தால் ஆபத்து என்ற பயம் வெறுங்கற்பனையில் பிறந்ததல்ல. 1956-ல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மனும் சகாக்களும் குறைமாதக் குழந்தைகளில் நடத்திய ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். தொற்று வராமல் தடுக்க ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு பெனிசிலினோடு சல்ஃபிசோக்சசோல் என்ற சல்ஃபா மருந்து, மறு பிரிவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். சல்ஃபா கொடுக்கப்பட்ட பிரிவில் மரணமும் அதிகம், மஞ்சள் காமாலை மூளையில் ஏறிய கேடும் அதிகம். காரணம் பிறகுதான் புரிந்தது. குழந்தையின் ஆல்புமினில் உட்கார்ந்திருந்த, காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி பிலிருபினை சல்ஃபா மருந்து எழுப்பிவிட்டிருக்கிறது. விடுபட்ட பிலிருபின் மூளைக்குப் போயிருக்கிறது. மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைப் போடக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பாடம். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும். நல்லது நினைத்துக் கொடுத்த மருந்து அது.

ஆனால் இதே பாடத்தை எல்லா மருந்துக்கும் நீட்டியபோது மருந்தியல் வழி தவறியது. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஃபீனைல்பூட்டசோன் என்ற வலிநிவாரணியைக் கொடுத்தால் ரத்தக்கசிவு வரும். ஆல்புமினிலிருந்து வார்ஃபரின் தள்ளப்படுவதால்தான் அது என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதின. 99 சதவீதம் 98 ஆனால் தனி மருந்து இரட்டிப்பாகிவிடும் என்ற கணக்கு பார்க்கவும் அழகாக இருந்தது. வார்ஃபரினில் கலந்திருக்கும் இரண்டு வடிவங்களில் வீரியம் கூடியதைக் கல்லீரல் உடைப்பதை ஃபீனைல்பூட்டசோன் தடுக்கிறது என்று 1970-களில் தெரிந்தது. உண்மைக் காரணம் அதுதான். தளர்ந்து வெளியே வந்த மருந்து அப்படியே ரத்தத்தில் தங்கிவிடுவதில்லை. திசுக்களுக்குப் பரவுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் கூடுதலாக வெளியேற்றுகின்றன, சில மணி நேரத்தில் தனி மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. 2002-ல் லெஸ்லி பெனெட்டும் பெட்டி ஆன் ஹோனரும் இதை விரிவாக வாதிட்டார்கள். புரதப் பிணைப்பு மாறுவதால் டோஸை மாற்ற வேண்டிய மருந்துகள் மிகச் சிலவே என்பது அவர்கள் முடிவு. ஆக, வெள்ளித் துகள் பிணைப்பைத் தளர்த்துகிறது என்று ஒருவர் காட்டினாலும், நோயாளிக்கு அதனால் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

குவெட்டும் உடம்பும்

கருத்தரங்கு முடிந்ததும் அந்த மாணவியே என்னைத் தேடி வந்தார். "கடைசி ஸ்லைடு வந்தப்போ நீங்க தலையசைச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்றார். கவனித்திருக்கிறார். வராந்தாவில் நின்றபடி ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

ஒளியை அளக்கும் கருவியில் வைக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிதான் குவெட். அதில் அவர் எடுத்தது 2 மைக்ரோமோலார் செறிவில் ஆல்புமின். இந்த ஒளிர்வுச் சோதனைக்கு அவ்வளவுதான் எடுக்க முடியும், அதற்கு மேல் போனால் அளவீடு கெடும். நம் ரத்தத்தில் இருப்பதோ சுமார் 600 மைக்ரோமோலார். முந்நூறு மடங்கு. லிட்டருக்கு 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா மூன்று லிட்டரில் 120 கிராம் ஆல்புமின் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது 20 நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளித் துகள்களை ஒரு கிராம் எடுத்து ரத்தத்தில் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். எந்த மருத்துவரும் அப்படிச் செய்ய மாட்டார், கணக்குக்காகச் சொல்கிறேன். ஒரு கிராம் துகளின் மொத்த மேற்பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். ஓர் ஆல்புமின் மூலக்கூறு உட்கார 40 சதுர நானோமீட்டர் இடம் வேண்டும் என்று எடுத்தால், அந்தப் பரப்பு முழுவதையும் ஒரு வரிசை மூட ஏறத்தாழ 80 மில்லிகிராம் ஆல்புமின் போதும். 120 கிராமில் 80 மில்லிகிராம். ஆயிரத்து ஐநூறில் ஒரு பங்கு. துகளில் ஒட்டிய ஆல்புமின் எல்லாம் வடிவம் குலைந்து மருந்தை அறவே கைவிட்டாலும்கூட, மிச்சம் இருக்கும் ஆல்புமினுக்கு அது தெரியவே தெரியாது.

மாணவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் அளந்ததுக்கு அர்த்தமே இல்லையா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த சோர்வு என்னைச் சங்கடப்படுத்தியது. எத்தனை மாத உழைப்பு! அர்த்தம் உண்டு, ஆனால் அதை வேறு இடத்தில் தேட வேண்டும் என்றேன். அன்றைக்கு அந்த இடம் எது என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டது. டிரிப்டோஃபானின் ஒளி, தன் பக்கத்தில் மருந்து இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். அங்கிருந்து போன மருந்து எங்கே போனது என்று அது சொல்லாது. நீரில் தனியாக நிற்கலாம். துகளின் மேலேயே போய் ஒட்டியிருக்கவும் செய்யலாம்.

மருந்துச்சீட்டில் ஓர் எண்

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து பாக்லிடாக்செல் கீமோ ஆரம்பித்தார்கள். துணைக்கு நான் போனேன். மருந்தை ஏற்றுவதற்கு முன்பே நர்ஸ் இரண்டு மூன்று ஊசிகளைப் போட்டார். "கீமோவே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள எதுக்குடா இத்தனை ஊசி?" என்று சித்தி என்னைக் கேட்டார். ஸ்டீராய்டும் அலர்ஜி மருந்தும், பாக்லிடாக்செல் கலந்திருக்கிற திரவம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்காகத்தான் சித்தி என்றேன். "மருந்து ஒத்துக்காதுன்னா சரி, கலந்திருக்கிறதுமா ஒத்துக்காது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ட்ரிப்ஸ் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அட்டைப்பெட்டிக்குள் இருந்த மருந்துச்சீட்டை எடுத்துப் படித்தேன்.

ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பாக்லிடாக்செல் 6 மில்லிகிராம். அடுத்த வரியில், பாலிஆக்ஸில் ஆமணக்கு எண்ணெய் 527 மில்லிகிராம். மீதி எத்தனால். இந்தப் பாடத்தை நான் வகுப்பில் நடத்தியவன்தான். அந்த ஆமணக்கு எண்ணெய்ப்பொருளை கிரெமோஃபோர் என்று சொல்லி ஒவ்வாமையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். ஆனால் அன்று என் மனம் வராந்தாவில் போட்ட கணக்கிலேயே இருந்தது. சராசரி உடம்புக்குச் சுமார் 300 மில்லிகிராம் பாக்லிடாக்செல் என்றால் 50 மில்லிலிட்டர். அதோடு போகிற எண்ணெய்ப்பொருள் 26 கிராம். வெள்ளியை ஒரு கிராம் என்று கற்பனை செய்ததற்கே தயங்கினோம். இங்கே ஒரு மனிதரின் ரத்தத்தில், 120 கிராம் ஆல்புமினுக்குப் பக்கத்தில், 26 கிராம் கிரெமோஃபோர் நிஜமாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது. அது சும்மா கரைந்து கிடப்பதும் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றுகூடி, எண்ணெய்ப் பகுதியை உள்ளே மறைத்து, பத்து நானோமீட்டர் சொச்சம் அளவுள்ள மிசெல் உருண்டைகளாகிவிடுகின்றன. அவையும் நானோ துகள்கள்தான். நீரை வெறுக்கிற பாக்லிடாக்செலுக்கு அதைவிட வசதியான இடம் ரத்தத்தில் வேறில்லை.

பாக்லிடாக்செலில் டோஸை இரட்டித்தால் ரத்த அளவு இரட்டிப்புக்கு மேல் ஏறுகிறது என்பது பழைய புதிர். உடைக்கிற நொதியும் கடத்துகிற புரதமும் நிரம்பிவிடுவதால் என்று முதலில் நினைத்தார்கள். 1999-ல் நெதர்லாந்தில் வான் டெல்லிங்கன் குழுவும் ஸ்பாரெபூம் குழுவும் கிரெமோஃபோர்தான் காரணம் என்று காட்டினார்கள். டோஸ் கூடக்கூட மிசெல்லும் கூடுகிறது, கூடிய மிசெல் கூடுதல் மருந்தைத் தன்னுள் அடைத்துப் பிளாஸ்மாவிலேயே நிறுத்திவைக்கிறது. ரத்தத்தில் மருந்து ஏராளமாக இருப்பதாகக் கருவி காட்டும், ஆனால் கட்டியை நோக்கிப் போகக்கூடிய பங்கு அந்த அளவுக்கு ஏறியிருக்காது. 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ராக்சேன் பாக்லிடாக்செலின் இன்னொரு வடிவம், அதில் கிரெமோஃபோர் கிடையாது. மனித ஆல்புமினோடு பாக்லிடாக்செலைச் சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியிருக்கிறார்கள். ரத்தத்தில் கலந்ததும் அது சீக்கிரம் கரைந்து, ஆல்புமினும் மருந்துமாகப் பிரிந்துவிடுகிறது. 2008-ல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டார்கள். எதிலும் பிணையாத தனி பாக்லிடாக்செல், கிரெமோஃபோர் வடிவத்தில் 2.4 சதவீதம், அப்ராக்சேனில் 6.3 சதவீதம். ஒரே மருந்துதான், ஆல்புமினின் இயல்பும் மாறவில்லை. மருந்து ஒதுங்குவதற்கு மூன்றாவதாக ஓர் இடம் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் தெளிந்தது. துகள் ஆல்புமினின் பிடியைத் தளர்த்துகிறதா என்றே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மருந்து, புரதம் என்ற இரண்டை மட்டும் வைத்துப் பழகிய பழைய கேள்வி அது. துகள் வந்தபிறகு மருந்துக்கு மூன்று இருப்புகள்: தனியாக, புரதத்தில், துகளில். ஆய்வுக்கூடம் 'ரத்தத்தில் மருந்தின் அளவு' என்று தருகிற எண் இந்த மூன்றையும் கூட்டியது. கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு பங்கைச் சொல்ல முடியாது.

இதற்கு இன்னும் அழுத்தமான சாட்சி டாக்சில். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிபோசோம் டாக்சோரூபிசின் அது, அதாவது டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் (லிபோசோம்) அடைத்தது. சாதாரண டாக்சோரூபிசின் உடம்பின் திசுக்களுக்குள் வேகமாக ஓடிவிடும். மருந்து ரத்தத்தைத் தாண்டி எவ்வளவு பரவுகிறது என்று காட்டும் எண்ணான பரவல் கொள்ளளவு, அதற்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 700 முதல் 1100 லிட்டர். டாக்சிலுக்கு அது 2.7 அல்லது 2.8 லிட்டர்தான், அதாவது ஏறத்தாழ ரத்தத்தைத் தாண்டுவதே இல்லை. சுற்றிவருகிற மருந்தில் 90 சதவீதமாவது லிபோசோமுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் மொத்த மருந்து மலைபோல் ஏறியிருந்தும் இதயத்துக்குக் கேடு குறைவு. அந்த மருந்தின் அதிகாரபூர்வத் தகவலில் ஒரு வரி இருக்கிறது. டாக்சிலின் புரதப் பிணைப்பு அளக்கப்படவில்லை, டாக்சோரூபிசினின் புரதப் பிணைப்பு சுமார் 70 சதவீதம் என்று. முன்பு படித்தபோது கண்ணில் படாமல் போன வரி. இப்போது படித்தால் எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உள்ளே அடைபட்ட மருந்துக்கும் ஆல்புமினுக்கும் சந்திப்பே நடக்காதபோது எதை அளப்பது?

புரதம் போர்த்திய துகள்

துகளையும் புரதத்தையும் சேர்த்துப் படிப்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. அங்கேதான் சுவையே இருக்கிறது. ரத்தத்தில் இறங்கிய சில நொடிகளில் துகளின் மேல் புரதங்கள் வந்து படிகின்றன. 2007 வாக்கில் டப்ளினிலும் லுண்டிலும் வேலை செய்த செடர்வால், லின்ச், டாசன், லின்சே ஆகியோர் இதைப் புரத கொரோனா என்று பெயரிட்டு, எந்தப் புரதம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளக்க வழிசெய்தார்கள். முதலில் வந்து உட்காருவது எண்ணிக்கையில் மிகுந்த ஆல்புமின். பிறகு, பந்திக்கு முந்தியவர்களை எழுப்பிவிட்டு நெருங்கிய சொந்தக்காரர்களை உட்காரவைப்பது போல, எண்ணிக்கை குறைந்தாலும் பிடிப்பு கூடிய புரதங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. திடப் பரப்புகளில் நடக்கும் இந்த இடமாற்றத்தை லியோ வ்ரோமன் 1960-களிலேயே எழுதியிருக்கிறார்.

இந்தப் போர்வை துகளின் தலையெழுத்தையே மாற்றிவிடும். இரும்பைச் சுமக்கும் ரத்தப் புரதமான டிரான்ஸ்ஃபெரினைத் துகளின் மேல் ஒட்டவைத்தால் அது புற்றுசெல்லின் ஏற்பியைத் தேடிப்போகும் என்று எதிர்பார்த்தார்கள். ரத்தப் புரதங்கள் மேலே படிந்ததும் அந்தத் தேடல் மங்கிவிட்டதை டாசன் குழு 2013-ல் காட்டியது. அதே போர்வை கைகொடுத்த கதையும் உண்டு. 2018-ல் அனுமதி பெற்ற ஆன்பட்ரோ, ஆர்.என்.ஏ. மருந்தை ஏந்திய கொழுப்புத் துகள். ரத்தத்தில் ஏறியதும் அதன் மேல் உறையாக இருக்கும் பெக் கொழுப்பு கழன்று விழுகிறது, அந்த இடத்தில் ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கிற, நோயாளியின் சொந்த அப்போலிப்போபுரதம் ஈ வந்து ஒட்டுகிறது, கல்லீரல் செல் தனக்குப் பழக்கமான கொழுப்பு என்று நினைத்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. முகவரியை எழுதுவது நோயாளியின் ரத்தமேதான். எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆக, துகளால் ஆல்புமின் மாறுவது மிகச் சிறிது. புரதத்தால் துகள் மாறுவதுதான் பெரிது. எங்கே போகும், எவ்வளவு சீக்கிரம் மருந்தை விடும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

சரி, மூன்று பங்கையும் எப்படிப் பிரித்து அளப்பது? இருப்பதிலேயே எனக்கு மிகப் பிடித்த வழி, அமெரிக்காவின் ஃப்ரெடெரிக் நகரில் இருக்கும் நானோ தொழில்நுட்பப் பண்பாய்வு ஆய்வகத்தார் 2015-ல் வெளியிட்டது. பிளாஸ்மாவில் நானோ மருந்து இருக்கிறது. அதில் அதே மருந்தின் கனமான ஐசோடோப் வடிவத்தை, அதாவது சில அணுக்கள் மட்டும் எடை கூடிய வடிவத்தை, துளி சேர்க்கிறார்கள். புதிதாக வந்த இது துகளுக்குள் போவதில்லை, ஆனால் புரதத்தோடு பிணைவதில் பழைய மருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பிறகு புரதமும் துகளும் தாண்ட முடியாத நுண்வடிகட்டியில் பிளாஸ்மாவைச் செலுத்துகிறார்கள். கீழே இறங்கிய ஐசோடோப் எவ்வளவு என்று பார்த்தால் தனியாக நிற்கும் விகிதம் தெரிந்துவிடும். கீழே இறங்கிய சாதாரண மருந்தை அந்த விகிதத்தால் வகுத்தால், துகளை விட்டு வெளியே வந்திருக்கும் மொத்த மருந்து கிடைக்கும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் துகளுக்குள் மிச்சம். ஒரே குழாயில் மூன்றும் முடிந்தது.

இது ஆய்வுக்கூடத்துக்குள் முடிகிற விஷயமும் அல்ல. 2012-ல் அமெரிக்காவில் டாக்சிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த, அதே வகை மருந்தான லிபோடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அந்நாட்டு மருந்து நிர்வாகம் இசைந்தது. இப்படிப்பட்ட ஜெனரிக் (அசல் நிறுவனம் அல்லாதவர் செய்யும்) லிபோசோம் டாக்சோரூபிசின் அசலுக்குச் சமம் என்று நிரூபிக்க, லிபோசோமுக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் நோயாளியின் பிளாஸ்மாவில் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்கிறது அந்த நிர்வாகம். இந்தியாவும் 2019-ல் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நானோ மருந்துகளை உலகுக்குச் செய்து அனுப்புகிற நாட்டில், அந்தப் பிரிப்பைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு மருந்தியல் துறையிலும் வேண்டும். டிரிப்டோஃபான் மங்குவதை அளந்துவிட்டு டோஸைப் பற்றி ஒரு வரி எழுதும் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

மாணவியிடம் இதையெல்லாம் ஃபோனில் சொன்னேன். கடைசி ஸ்லைடின் அந்த வரியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன் என்றார். இப்போது நீர்த்த ஆல்புமினுக்குப் பதில் முழு பிளாஸ்மாவில், தன் வலிநிவாரணியின் ஐசோடோப் வடிவத்தை வாங்கி, நுண்வடிகட்டியில் முயன்றுகொண்டிருக்கிறார். போன வாரம் அழைத்தார். துகளையும் புரதத்தையும் சேர்க்காமல் மருந்தை மட்டும் வடிகட்டினாலே கீழே முழுதாக வரவில்லையாம், சவ்விலேயே கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறதாம். முதலில் சவ்வை மாற்றிப் பார், குறையவில்லை என்றால் சவ்வு எவ்வளவு பிடிக்கிறது என்பதைத் தனியாக அளந்து கணக்கில் கழி, அதற்கு அப்புறம் பிளாஸ்மாவுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.